தராசோடு வந்த நால்வர்: உணவு விரயச் செயலமர்வு ஒன்றைப் பற்றிய மதிப்புரை

திருகோணமலையில் வளரும் பிள்ளையிடம் "மான் என்ன தின்னும்?" என்று கேட்டால் "புல்" என்ற விடை உடனே வராது. பிரட்றிக் கோட்டை வாசலிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் திரியும் புள்ளிமான்கள், வீசி எறியப்பட்ட சோற்றுப் பார்சலை வாயால் இழுத்துக் கிழிப்பதைப் பார்த்தே அவர்கள் வளர்கிறார்கள். எங்கள் சனசமூக நிலையத்தில் அண்மையில் இரண்டு சனிக்கிழமைகளில் நடந்த உணவு விரயச் செயலமர்வு இந்தக் கேள்வியோடுதான் தொடங்கியது. பின்வரிசையில் இருந்த ஒரு பையன் "லஞ்ச் சீற்" என்றான். சோறு சுற்றிக் கட்டும் பொலித்தீன் தாள் அது. மண்டபமே சிரித்தது. நடத்த வந்தவர்கள் அந்தச் சிரிப்பை அடக்க முயலவில்லை. மானின் வயிற்றுக்குள் அந்தத் தாள் போனது ஒருபுறம் இருக்கட்டும், அதற்குள் சோறு ஏன் மிஞ்சிக் கிடந்தது என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளோடு பேசத் தெரிந்தவர்கள் என்பது அந்த ஐந்து நிமிடத்திலேயே விளங்கியது.

நான் அந்த நிலையத்தின் செயலாளர். இவர்களை அழைத்தவளும் பணம் கொடுத்தவளும் நானே என்பதால், கீழே எழுதுவதை ஒரு வாடிக்கையாளரின் சொல்லாக எடுத்துக்கொள்ளவும். குழுவில் இருப்பவர்கள் நான்கு இளைஞர்கள். ஒருவர் மனையியல் கற்பிக்கிறார், ஒருவர் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் குசினியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர், மற்ற இருவரும் நாடகத்தில் ஈடுபாடு உள்ளவர்கள். குறைகளையும் எழுதப் போவதால் குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன். கட்டணம் இரண்டு நாளுக்கும் சேர்த்துப் பிள்ளை ஒருவருக்கு 750 ரூபாய். ஒரு நாள் அமர்வு காலை 9 மணி முதல் பிற்பகல் 1.30 வரை. பொருட்கள் அவர்களுடையவை, மண்டபமும் மதிய உணவும் அழைப்பவர் பொறுப்பு. 11 வயது முதல் 17 வயது வரையான 24 பேர் பதிந்தார்கள். ரியூசன் வகுப்பு என்று இருவர் வராமல் நின்றதால் 22 பேர் கலந்துகொண்டார்கள்.

செயலமர்வின் உயிர் ஓர் இரும்புத் தட்டுத் தராசு. மீன் சந்தையில் ஒரு காலத்தில் இருந்ததைப் போன்றது, சங்கிலி துருப்பிடித்தது. முதலில் டிஜிற்றல் தராசு வைத்திருந்தார்களாம். பிள்ளைகள் எண்ணை மட்டும் வாசித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள் என்பதால் அதைக் கைவிட்டதாகச் சொன்னார்கள். இந்த மாற்றத்தின் பயனை நேரில் கண்டேன். ஒவ்வொரு பிள்ளையும் முதல் நாள் வீட்டுக் குசினியில் கழிந்ததை மூடிய டப்பாவில் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதில் சோறும் கறியுமாக மிஞ்சியதைப் பிரித்து ஒரு தட்டில் கொட்டினார்கள். மற்றத் தட்டில் ஒரு பிள்ளை நாட்டரிசியைச் சுண்டு சுண்டாகப் போட்டுக்கொண்டே வந்தது. கழிவுத் தட்டு அசையாமல் கீழேயே கிடந்தது. மூன்றாவது சுண்டில் பேச்சு நின்றது. ஐந்தாவது சுண்டில் "இன்னும் போடுங்கோ" என்று ஒரு சிறுமி மெதுவாகச் சொன்னாள். தட்டுகள் ஒருவழியாகச் சமனானபோது, அந்த அரிசியைக் கிலோ 230 ரூபாய்ப்படி விலை போட்டுப் பலகையில் எழுதினார்கள்.

இங்கே ஒரு கணக்குப் பிழை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் பதினைந்து வயதுப் பெண்பிள்ளை. "அக்கா, சோத்துக்குள்ள தண்ணி இருக்குத்தானே? பச்சை அரிசியோட எப்படிச் சரிக்குச் சரி நிறுக்கிறது?" என்று அவள் கேட்டாள். ஒரு கிலோ அரிசி சோறானால் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் வரும் என்பதால், பலகையில் எழுதிய தொகை உண்மையைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருத்திருந்தது. மனையியல் அக்கா தயங்காமல் அழித்துவிட்டு அந்தப் பெண்ணையே மீண்டும் கணக்குப் போட வைத்தார். பிழையை மறைத்துச் சமாளித்திருந்தால் நான் இந்த மதிப்புரையை வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அடுத்து வந்தது பிரிக்கும் ஆட்டம். தரையில் சுண்ணாம்பினால் மூன்று வட்டங்கள்: தின்றிருக்கலாம், தின்ன முடியாது, சண்டை. மூன்றாவது வட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் நல்ல ரசனைக்காரராக இருக்க வேண்டும். முட்டைக்கோதும் தேங்காய்த் தும்பும் இரண்டாம் வட்டத்துக்குச் சிக்கலின்றிப் போயின. உவர்மலைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி தன் டப்பாவில் இருந்த பாரை மீன்தலையை அதே வட்டத்தில் வைத்தபோது, திருக்கடலூர்ப் பையன் ஒருவன் எழுந்து, பேசாமல் அதைத் தூக்கி முதலாம் வட்டத்தில் வைத்தான். அவள் திரும்ப எடுத்து வைத்தாள். அவன் மீண்டும் மாற்றினான். கடைசியில் அவன், "தலையில்லாமல் சொதி என்னத்துக்கு?" என்றான். மீன்தலை சண்டை வட்டத்தின் நடுவே குடியேறியது. அதன் பின்னால் பூசணித் தோல், பாண் கருகல், வாழைக்காய்த் தோல், பீற்றூட் இலை என்று ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்ந்தன. எது கழிவு என்பது பொருளில் இல்லை, வீட்டு வழக்கத்தில் இருக்கிறது என்பதை எவரும் வாய் திறந்து சொல்லாமலே பிள்ளைகள் தாங்களாகக் கண்டுகொண்ட இடம் அது.

பரிமாறும் ஆட்டமும் நன்றாக இருந்தது. இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் விருந்தினர், மற்றவர் வீட்டுக்காரர். சோற்றுக்குப் பதில் புளியங்கொட்டை. விருந்தினர் "போதும்" என்று சொன்ன பிறகு போடப்படும் ஒவ்வொரு கொட்டைக்கும் வீட்டுக்காரர் ஒரு புள்ளி இழப்பார். விதி இவ்வளவு எளிது. ஆனால் தோற்காத வீட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. வாழையிலையைக் கையால் மறைத்தாலும் விரல் இடுக்கால் ஒரு கரண்டி விழுவதுதானே எங்கள் பந்தி வழக்கம். கொட்டையிலும் அந்தக் கை நிற்கவில்லை. கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு மாணவி, தங்கள் கல்யாண வீடுகளில் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றிப் பலர் ஒன்றாக அமர்ந்து உண்பதால், ஆள் கணக்குக்குப் பதிலாகச் சகன் கணக்கே போடுவார்கள் என்றும், மிச்சம் விடுபவர் யார் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றும் சொன்னாள். சகனிலும் மலைபோல் குவித்தால் மிஞ்சத்தானே செய்யும் என்று இன்னொரு மாணவி உடனே கேட்க, அவளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

தம்புள்ளைத் தக்காளி ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கனிந்த தக்காளியை ஒரு சாக்கிலும் ஒரு பிளாஸ்ரிக் கூடையிலும் சம அளவில் போட்டு, தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் இருந்து இங்கே வரும் நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான லொறிப் பயணத்தை மண்டபத்தைச் சுற்றி நடித்தார்கள்: ஏற்றுவது, இறக்குவது, மேலே இன்னொரு மூட்டையை வைப்பது, மூட்டையின் மேல் ஆள் ஏறி இருப்பது. சாக்குக்குள் இருந்து சாறு வடிந்தபோது பிள்ளைகள் அடைந்த மகிழ்ச்சி, கற்பிக்க வந்த செய்தியை ஓரளவு விழுங்கிவிட்டது. தரையைக் கழுவியது நாங்கள்தான்.

திகதி ஆட்டம் பெரியவர்களுக்கே தேவையானது. வெறும் பக்கற்றுகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, "இத்திகதிக்கு முன் உகந்தது" என்று அச்சிட்டதற்கும் "காலாவதித் திகதி" என்று அச்சிட்டதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளே பிரிக்க வேண்டும். முன்னது தரம் பற்றியது. திகதி கடந்த பிஸ்கற் மொறுமொறுப்புக் குறைந்திருக்கலாம், அதற்காக அது நஞ்சாகிவிடாது. பின்னது பால், இறைச்சி போன்றவற்றில் உடல்நலம் பற்றியது. அதில் விளையாட்டு இல்லை. முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதும் இதன் ஒரு பகுதி. ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெருப்பதால் பழைய முட்டை மிதக்கிறது என்ற விளக்கம் துல்லியமாக இருந்தது. என் மகன் அன்று மாலையே வீட்டில் இருந்த ஏழு முட்டைகளையும் வாளிக்குள் இறக்கிவிட்டான்.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, புள்ளிவிபரப் படக்காட்சி. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் இருந்து, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி தொன் உணவு வீணானது, அது நுகர்வோரை எட்டிய உணவில் 19 சதவீதம், அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் இருந்து வந்தது என்றெல்லாம் திரையில் ஓடவிட்டார்கள். எண்கள் சரியானவை, பிள்ளைகளின் கண்கள் திரையில் இல்லை. ஆள் ஒருவருக்கு வீட்டில் ஆண்டுக்கு 79 கிலோ என்ற உலகச் சராசரியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 216 கிராம் என்று சுருக்கி, அந்த அளவு சோற்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோதுதான் தலைகள் நிமிர்ந்தன. ஆனால் அங்கேயே ஒரு தவறும் நேர்ந்தது. அந்த 79 கிலோ முழுவதும் உண்ணக்கூடிய உணவு என்பதுபோலப் பேசினார்கள். அந்த அறிக்கை எலும்பு, தோல், கோது போன்ற உண்ண முடியாத பகுதிகளையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அரை மணித்தியாலத்துக்கு முன்பு வட்டம் போட்டு அதே வேறுபாட்டுக்காகச் சண்டை பிடித்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் விட்டது வருத்தமே.

இரண்டாவது குறையில் என் பங்கே பெரிது. முதல் சனிக்கிழமை மதிய உணவுக்கு நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் 42 பார்சல் சொல்லியிருந்தேன். பதிந்த பிள்ளைகள் 24, குழுவினர் 4, எங்கள் ஆட்கள் 4. அதன் மேல் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு பத்து. எந்த வைபவத்துக்கும் நான் அப்படித்தான் சொல்வேன். என் அம்மாவும் அப்படித்தான். குறைந்துபோனால் ஊர் பேசும், மிஞ்சினால் யார் பேசப் போகிறார்கள்? அன்று பிள்ளைகள் இருவரும் வராததால், எல்லோரும் உண்டு முடித்தபோது பன்னிரண்டு பார்சல்கள் மேசையில் பிரிக்கப்படாமல் இருந்தன. உணவு விரயம் பற்றி மூன்று மணித்தியாலம் பேசிய மண்டபத்தில், அந்தப் பன்னிரண்டும் அடுக்கி வைத்தபடி.

பிள்ளைகள் தாங்கள் மிச்சம் விட்டதை வாளியில் வழித்துப் போட்டு நிறுத்தார்கள்: ஒரு கிலோவும் கொஞ்சமும். பிறகு அந்தத் திருக்கடலூர்ப் பையன், எவரும் கேளாமலே, பன்னிரண்டு பார்சலையும் இரண்டு தடவையாகத் தராசில் ஏற்றினான். ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. "அன்ரி, நாங்கள் மிச்சம் விட்டது ஒரு கிலோ. நீங்கள் கூடச் சொன்னது ஆறு கிலோ," என்றான். குரலில் குத்தல் இல்லை. கணக்கு ஒப்புவிக்கும் குரல். எனக்குத்தான் முகம் சூடேறியது.

என் பக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் சொன்னால், இந்தப் பத்தைத் தடுக்கும் பகுதி செயலமர்வில் எங்கும் இல்லை. முன்கூட்டி அனுப்பிய குறிப்பில் எத்தனை பாய், எத்தனை மேசை, எத்தனை வாளி என்றெல்லாம் இருந்தது. உணவை எத்தனை பேருக்குச் சொல்வது, வரவை எப்போது உறுதிசெய்வது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. ஆட்டங்கள் எல்லாம் பிள்ளையின் கோப்பையை நோக்கியே இருக்கின்றன. அகப்பையும் கடைக்காரரின் தொலைபேசி எண்ணும் பிள்ளையின் கையில் இல்லையே. பருக்கை சிந்தாமல் உண்ணப் பிள்ளையைப் பழக்கிவிட்டு, பெரியவர்கள் கிடாரம் கிடாரமாக மிச்சப்படுத்தும் ஊரில், இந்தப் பாடம் பாதி தூரம்தான் போகும். இதை அன்றே குழுவிடம் சொன்னேன். முகம் கோணாமல் கேட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு பார்சல்களின் கதை அதோடு முடியவில்லை. குழுவில் ஒருவர், அவற்றைச் சந்தியில் உள்ள ஓட்டோ தரிப்பிடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று புறப்பட்டார். அப்போது நேரம் ஒன்றரை தாண்டிவிட்டது. கறி சூரை. காலையில் சமைத்துக் கட்டிய பார்சல்கள், தகரக் கூரையின் கீழ், மின்விசிறிக் காற்றில். நான் மறித்தேன். சூரை, கும்பளா போன்ற மீன்கள் போதிய குளிரில் வைக்கப்படாவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். ஒருமுறை உருவானால் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சோற்றிலும் பசிலஸ் சீரியஸ் என்ற பற்றீரியாவின் வித்துகள் சமையலைத் தாங்கி உயிரோடு இருந்து, வெதுவெதுப்பில் பெருகி, சூட்டுக்கு அழியாத நஞ்சைச் சுரக்கக்கூடும். 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையே இவற்றுக்குக் கொண்டாட்டம். 32 பாகையைத் தாண்டிய நாளில் சமைத்த உணவை வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது பொதுவான விதி. நாங்கள் உண்ணத் துணியாததை ஓட்டோக்காரருக்குக் கொடுப்பதைத் தானம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

ஹோட்டல் குசினியில் இருந்து வந்தவர் என் பக்கம் நின்றார். வளவின் மூலையில் பிள்ளைகள் ஆழமாகக் குழி வெட்ட, பன்னிரண்டையும் பிரித்துக் கொட்டி மூடினோம். அந்தத் தாள்களை ஒரு சிறுமி எண்ணி அடுக்கினாள். கடைசிப் பார்சலில் பொரித்த அப்பளம் உடையாமல் முழுதாக இருந்தது. அதை மட்டும் யாரோ எடுத்துத் தின்றுவிட்டார்கள்.

எப்போது எறிய வேண்டும் என்ற பாடம் இத்திட்டத்தில் மெலிவாகவே இருக்கிறது. "பழைய சோற்றை வீசாதீர்கள், பொரித்து உண்ணுங்கள்" என்ற வரி அவர்களுடைய துண்டுப்பிரசுரத்தில் அப்படியே நிற்கிறது. நேரத்தோடு ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் எடுத்துவைத்த சோற்றுக்குத்தான் அது பொருந்தும்; விடியும்வரை அடுப்பில் மூடிக்கிடந்த சோற்றுக்குப் பொருந்தாது. எங்கள் பாட்டிமார் நீரூற்றிப் புளிக்கவைத்த பழஞ்சோறு வேறொரு கைமுறை. அதையும் இதையும் ஒரே வரியில் சேர்த்தால் யாருக்காவது வயிற்றுப்போக்குத்தான் மிஞ்சும். அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாம் சனிக்கிழமை சமையல் நாள். 2012இல் பேர்ளினில் இளைஞர்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு சந்தை ஒதுக்கிய மரக்கறிகளைக் கூட்டமாக நறுக்கிச் சூப் காய்ச்சிய வழக்கத்தைத் தழுவியது இது என்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு பேர்ளின் பெரிய செய்தியாகத் தெரியவில்லை; பாட்டைத் தெரிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதே பெரிய வழக்காக இருந்தது. சந்தையில் மாலை மலிவில் வாங்கிய மரக்கறிகளின் உண்ணும் பகுதியைக் கொண்டு ஒரு சாம்பாறும், வழக்கமாக வீசும் பகுதியைக் கொண்டு மூன்று துணைக்கறிகளும் செய்தார்கள்: வாழைக்காய்த் தோல் சம்பல், பீற்றூட் இலை வறை, பீர்க்கங்காய்த் தோல் துவையல். வாழைக்காய்த் தோலை மெல்லியதாகச் சீவி, அவித்து, தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து இடித்த சம்பல் முதலில் காலியானது. பீற்றூட் இலை வறையில் மண் கடிபட்டது. இலையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. துவையல் பரவாயில்லை. இவற்றோடு முந்தைய நாள் பிட்டைச் சிறிது தண்ணீர் தெளித்து ஆவியில் வைத்துக் கொத்தாக்கினார்கள். அதை ஒரு பாடமாகக் காட்டியதுதான் எனக்கு வியப்பு, ஏனென்றால் இந்த ஊரில் அதைச் செய்யாத வீடு எது?

பசளைப் பகுதி குறுகியது. அடியில் துளையிட்ட பழைய வாளி, மூன்று பங்கு காய்ந்த இலைக்கு ஒரு பங்கு குசினிக் கழிவு, மீனும் எண்ணெய்ச் சாப்பாடும் வேண்டாம், வாரம் ஒருமுறை கிளறல், அவ்வளவுதான். காற்றுப் படாமல் குப்பைமேட்டில் அமுங்கிக் கிடக்கும் சோறு மீதேன் வாயுவாக மாறுகிறது, அது நூறாண்டு அளவில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்ற விளக்கத்தோடு, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்ததையும் நினைவூட்டினார்கள். தம்பலகாமத்தில் வயல் செய்யும் தந்தை ஒருவர் மகளை அழைத்துப்போக வந்து வாசலில் நின்றவர், "சேதனப் பசளை" என்ற சொல் காதில் விழுந்ததும் சத்தமாகச் சிரித்தார். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்தி, சேதனப் பசளைக்கு மாறச் சொன்ன அரசாங்கத்தை வயல்காரர் எளிதில் மறக்கமாட்டார்கள். குழுவினர் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தது கெட்டித்தனமா, தயக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சிறு குறைகள் இன்னும் சில உண்டு. கல்யாண வீட்டுச் செலவைப் பற்றிய தாய ஆட்டம் முடிய ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. துணியில் அச்சிட்ட கட்டங்கள் வியர்வைக் கையில் மை விட்டன. 11 வயதுக்காரரையும் 17 வயதுக்காரரையும் ஒரே குழுவில் போட்டதால் மூத்தவர்கள் தராசைவிட்டு நகரவில்லை, சின்னவர்கள் சாக்குத் தக்காளியை விட்டு நகரவில்லை. 14 வயதுக்குக் கீழ், மேல் என்று பிரித்து நடத்தும்படி கேட்பது நல்லது. கத்தி பிடிக்கும் பகுதியில் மேற்பார்வைக்கு நால்வர் போதாது. அழைப்பவர் குறைந்தது இரண்டு பெரியவரையாவது கூட நிறுத்த வேண்டும்.

இரண்டாம் நாள் உணவுக்கு நான் எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டேன். வெள்ளிக்கிழமை மாலை இரு மாணவிகள் ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்துக் கேட்டு, எண்ணி, "29 பேருக்கு அரிசி போடுங்கோ அன்ரி" என்றார்கள். நான் முப்பத்திரண்டு பேருக்குப் போட்டேன். மிஞ்சிய மூன்று பேரின் சோற்றையும் ஒரு மணிக்கு முன்பே பிரித்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அன்று பெற்றோரையும் அழைத்திருந்தோம். ஏழு அம்மாக்களும் ஒரு தாத்தாவும் வந்தார்கள். பரிமாறும் ஆட்டத்தில் அந்தத் தாத்தாதான் மிக மோசமாகத் தோற்றார்.

750 ரூபாய்க்கு இது தாராளமாகத் தகும். அழைக்க நினைக்கும் பாடசாலைகளும் நிலையங்களும் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: படக்காட்சியைக் குறைத்துத் தராசுக்கு நேரம் கூட்டுவது, உணவுப் பாதுகாப்புக்கு முழுதாக அரை மணித்தியாலம் ஒதுக்குவது, உணவு சொல்லும் பொறுப்பில் இருப்பவரையும் முதல் நாளே ஆட்டத்தில் உட்காரவைப்பது. உணவு இழப்பு, விரயம் பற்றிய ஐ.நா. விழிப்புணர்வு நாள் செப்ரெம்பர் 29 என்பதால் அந்த வாரத்தில் அவர்களுக்கு அழைப்பு அதிகமாம். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் முற்றத்தில் வாளி வைத்துக் காய்ந்த இலை தேடுவது நடக்காது. ஆகையால் ஆவணிக்குள் திகதி கேட்டுவிடுங்கள்.